புளி போட்டுத் தேய்த்த பென்னி

காளவாசல் பக்கம் அப்பா நடத்தும் பழைய பைக் கடையில், மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு செப்புக் காசு கிடக்கிறது. காசுக்கு இந்தப் பக்கம் சாமி படம், அந்தப் பக்கம் சர்ச் காலண்டர், காசின் மேல் தாடி வைத்த ஒரு அமெரிக்கரின் தலை. வண்டி பார்க்க வருகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே அதைப் பார்ப்பார்கள். "அமெரிக்கா பென்னி மாப்ள. நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, எப்படி மின்னுது பாத்தியா?" என்று அப்பா ஆரம்பிப்பார். எனக்கோ, அந்த மினுமினுப்புதான் அந்தக் காசுக்குச் சாவு என்று கத்த வேண்டும்போல இருக்கும்.

காசு அத்தையுடையது. அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மிஷன் பள்ளி ஹாஸ்டலில் மேட்ரனாக இருந்து, ஊரான் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தலை பின்னி, காய்ச்சலுக்குக் கஞ்சி கொடுத்து, முழங்கால் தேய்ந்து போனபின் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹாஸ்டலை முன்பு நடத்திய அமெரிக்க அம்மா ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பிஸ்கட் டின் ஒன்று அந்தப் பெட்டியில் இருந்தது. அதற்குள் பொத்தான்கள், ஊக்குகள், ஒரு கைப்பிடி பென்னிகள். பழைய கைப்பைகளின் அடியில் தங்கிய சில்லறையாக இருக்கும். அத்தைக்கு அது ஞாபகப் பொருள், அவ்வளவுதான். அவருக்கு வேண்டியிருந்தது வேறு. டாக்டர் முழங்கால் மூட்டை மாற்றச் சொல்லியிருந்தார். "ஓடவா போறேன் பாப்பா? தெரு முக்குல இருக்க சர்ச்சுக்கு யார் கையையும் பிடிக்காம போயிட்டு வந்தாப் போதும்" என்பார். அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுத்தால், "இந்த வயசுல ஆபரேஷன் பண்ணி இன்னும் எம்புட்டு தூரம்க்கா போகப் போற?" என்று கேட்டுவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பார். அத்தையும் சேர்ந்து சிரிப்பார். அதுதான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அப்போது நான் நாகமலை புதுக்கோட்டையில் எம்.காம். படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு மதியம் பொழுது போகாமல் அத்தையின் கட்டிலில் டின்னைக் கவிழ்த்து, ஒவ்வொரு காசாக போனில் தேட ஆரம்பித்தேன். பழசாக இருந்தாலே விலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது சுத்தப் பேத்தல். நூறு வயசுப் பென்னி குப்பை விலைக்குப் போகிறது, அதைவிட இளைய காசு ஒன்று லட்சத்துக்குப் போகிறது. அந்த வருடம் அந்த நாணயச் சாலையில் எத்தனை அடித்தார்கள், அதில் எத்தனை மிஞ்சியது, கைமாறிக் கைமாறி எவ்வளவு தேய்ந்தது, இதெல்லாம்தான் கணக்கு. எந்தச் சாலையில் அடித்தது என்பதை வருடத்துக்குக் கீழே இருக்கும் ஒரு குட்டி எழுத்து சொல்லும். அத்தை பைபிள் படிக்கிற பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல மட்டும் வருசத்துக்குக் கீழ ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கு பாப்பா." நகத்தால் சுரண்டப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அது அழுக்கு இல்லை, டி என்ற எழுத்து. வருடம் 1914. அதே வருடம் எழுத்தில்லாமல் வந்த காசு சாதாரணம். டி போட்டது கிடைப்பது கஷ்டம். அதுவும் இந்தக் காசில் தாடி மயிர் கூடத் தேயவில்லை. உடம்பு முழுக்க ஒரே சீரான கருப்பட்டி நிறம். அந்த நிறம் செம்பின் மேல் நூறு வருடம் காற்று பட்டுப் பட்டுப் படிந்த தோல். வாங்குகிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான். ஒரு முழங்காலுக்குப் பாதிச் செலவாவது வந்துவிடும் என்று நான் சொன்னபோது அத்தை கட்டிலுக்குக் கீழே இருந்த செருப்பைக் காலால் தேடி, நேராக எடுத்து வைத்தார்.

விஷயம் அப்பாவின் காதுக்குப் போனதிலிருந்து வீடே மாறிவிட்டது. குளியலறையில் அத்தைக்கு ஸ்டூல் வந்தது. கோழிக் குழம்பில் ஈரல் அத்தையின் தட்டுக்குப் போனது. "வித்த கையோட நேரா ஆஸ்பத்திரிதான்க்கா" என்று அப்பா சத்தியம் செய்தார். நான் அவரிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன். "அப்பா, அதக் கழுவாத, தொடைக்காத, அப்படியே காட்டணும்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கே யாவாரம் சொல்லித் தர்றியாடி? வாட்டர் வாஷ் பண்ணி பாலிஷ் போடாம எவனாச்சும் வண்டியக் கஸ்டமருக்குக் காட்டுவானா?" மறுநாள் எனக்குப் பரீட்சை. சாயங்காலம் திரும்பி வந்தபோது அடுப்படியில் புளி வாசம். தான் குடித்த டம்ளரைக்கூட ஒருநாளும் கழுவாத மனிதர், சிங்க் முன்னால் நின்று புளியும் உப்பும் போட்டு அத்தனை காசையும் தேய்த்துத் துண்டில் காயப் போட்டிருந்தார். எல்லாம் மிட்டாய்த் தாள்போல ரோஸ் நிறத்தில் பளபளத்தன. "இப்பப் பாரு!" என்றார். அந்தப் பெருமையை நான் மறக்க மாட்டேன்.

பழைய காசு வாங்கி விற்கும் வியாபாரி கடை மேலமாசி வீதிப் பக்கம். அத்தையை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போனோம். வியாபாரி லென்ஸைக் கண்ணில் வைத்தார். "அட, டி இருக்கே. முடியெல்லாம் நல்லா நிக்குது." பிறகு காசை விளக்கடியில் சாய்த்தார். முகம் தொங்கிப்போனது.

"கழுவிட்டீகளா? யாருண்ணே இந்த வேலையப் பாத்தது?"

"எங்க அக்காதாண்ணே. ஹாஸ்டல்ல பாத்திரம் தேச்ச கை. சொன்னாக் கேக்காது."

அத்தை பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். "பொய் சொல்லாதப்பா!" என்று நான் கத்தினேன். அத்தை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "விடு பாப்பா." பிறகு வியாபாரியிடம், "ஆமா தம்பி, நாந்தான். அழுக்கா இருந்துச்சேன்னு…" என்றார்.

"அது அழுக்கு இல்லம்மா. அதுக்குத்தான் விலையே" என்றார் அவர். "இனிமே காத்துபட்டுத் திரும்பக் கறுக்கும். ஆனா திட்டுத் திட்டாத்தான் கறுக்கும், அந்த நெறம் வராது." அப்படியும் ஒரு விலை சொன்னார். முன்பு வந்திருக்கக்கூடியதில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் அது அத்தையின் முழங்காலுக்கு ஒரு தொடக்கமாக இருந்திருக்கும். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அந்த வெலைக்குக் குடுக்குறதுக்கு எங்கிட்டயே கெடக்கட்டும்" என்று காசைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது யாருடைய காசு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அத்தையும் கேட்கவில்லை.

அப்பா அங்கிருந்தே கடைக்குப் போய்விட்டார். திரும்பும் ஆட்டோவில் அத்தையை நான் விடவில்லை. எதற்கு அப்படிச் சொன்னீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "கடைக்காரர் முன்னால அவன் மூஞ்சி சுருங்கிருச்சு பாப்பா. சின்ன வயசுலருந்தே அதப் பாத்தா எனக்குத் தாங்காது" என்றார். இதைக் கேட்டு உருகுகிறவர்கள் உருகட்டும். எனக்குக் கோபம்தான் வந்தது, இன்னும் போகவில்லை. ஒரு மனிதர் எத்தனை வயதானாலும் தன் தப்பைத் தன் தப்பு என்று தெரிந்துகொள்ளாமலே வாழ முடிகிறது என்றால், பின்னால் யாரோ ஒருவர் அவருக்காகத் தேய்த்துத் துடைத்துக்கொண்டே இருக்கிறார் என்று அர்த்தம். அடுத்த ஞாயிறு குழம்பில் ஈரல் அப்பாவின் தட்டுக்குத் திரும்பியது. ஆபரேஷன் பேச்சு நின்றது. அத்தை சுவரைப் பிடித்து வாசல் வரை வருவார், சர்ச் மணி அடித்து ஓயும் வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போவார். சர்ச்சுக்கு அவர் கடைசியாகப் போனது பெட்டியில்தான். அதற்கு அப்பா பித்தளைக் கைப்பிடி வைத்த பெட்டியாகப் பார்த்து வாங்கினார். ஊரே பாராட்டியது.

போன வாரம் ஹெல்மெட் எடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். வண்டி பார்க்க வந்த ஒரு பையன் கண்ணாடியைத் தட்டி, "என்னண்ணே, காசு அங்கங்க கருப்புக் கருப்பா இருக்கு?" என்று கேட்டான். வியாபாரி சொன்ன மாதிரியே தாடியின் ஓரத்தில் திட்டு ஏறியிருந்தது. அப்பா பெருமூச்சு விட்டார்.

"எங்க அக்கா ஞாபகமா வச்சிருக்கேன் மாப்ள. பெரிய விலைக்குப் போயிருக்க வேண்டிய காசு. பாவம், ஒன்னுந் தெரியாம புளி போட்டுத் தேச்சுருச்சு."

நடிப்பு இல்லை. அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. பிறகு வண்டி துடைக்கும் துணியை எடுத்துக் கண்ணாடியை ஒரு தடவை துடைத்துவிட்டு, வாசலில் பாலிஷ் போட்டு நிறுத்தியிருந்த பைக்கைக் காட்ட அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.