வேலி தாண்டிய உறைப்பு

மூக்காயி கறிமிளகாயின் நுனியைக் கடித்து இடது கடைவாயில் ஒதுக்கினாள். வலப்பக்கத்தில் பல் இல்லை. கண்ணை மூடி மென்றாள். உறைப்பு ஒன்றும் இல்லை. துப்பிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். அங்கே கடித்ததும் முகம் கோணியது. "சனியனே, நீயுமா?" என்று செடியைத் திட்டிவிட்டு, இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு சிட்டிகை சீனி எடுத்து நாக்கில் போட்டுக்கொண்டாள்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அவளுடைய லயத்து வீட்டுக்குப் பின்னால், கழிவு நீர்க் கானுக்கும் தேயிலைக்கும் இடையில் அகப்பட்ட துண்டு நிலம் அது. முழங்கால் வீங்கி, காலைப் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்திய நாளிலிருந்து அவளுக்குச் சோறு போடுவது அதுதான். "மல என்னைய வேணாம்னுருச்சு. இதுக தான் வச்சிருக்குதுக" என்பாள். நன்றாகக் காய்க்கும் செடி அவளுக்கு ஆத்தா, காய்க்காதது மாமியார். சனியன் என்ற பெயர் இந்தப் போகத்தில்தான் புதிதாகச் சேர்ந்தது.

கறிமிளகாய் உறைக்கக் கூடாது. அதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள். பதுளை பஸ் நிலையத்துக்கு அருகே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் புஹாரி, கிழங்கும் மீனும் அடைத்துப் பொரிப்பதற்கு மூக்காயியின் காயைத்தான் பல வருடமாக எடுக்கிறார். தொண்ணூற்றொன்பதாம் வருடம், தைப்பொங்கல் முடிந்த கையோடு, அவள் சாக்கை இறக்கியபோது அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"மூக்காயிம்மா, நேத்து கச்சேரி ஆபீஸ் ஐயா ஒருத்தர் ஒரு வாய் வச்சிட்டு எழும்பி ஓடினார். கை கழுவுற பைப்புல வச்ச வாய எடுக்கவே இல்ல."

"நம்ம காயா? இருக்காதுங்க மொதலாளி. கைப்புள்ளைக்குக் குடுக்கலாம்."

"அப்ப நீங்களே தின்னு பாருங்க."

தின்றாள். முதல் காய் சாது. இரண்டாவதும் சாது. வெற்றிப் பார்வையோடு மூன்றாவதைக் கடித்தவளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வந்தது. அழுதுகொண்டே, "மொளகாத்தூள் அள்ளுன கையால தொட்டீங்களா?" என்று அவரையே திருப்பிக் கேட்டாள்.

புஹாரி சிரித்தார். ஆனால் பேச்சில் சிரிப்பில்லை. "இன்னொரு போகம் பார்க்கிறேன். திரும்பவும் இப்படி வந்தா வெலிமடையில இருந்து வர்ற காயத்தான் எடுப்பேன். கோவிச்சுக்கப்படாது."

புஹாரியை விட்டால் வேறு வாடிக்கை கிடையாது. பஸ்ஸில் திரும்பும்போதே மூக்காயி காரணம் தேடத் தொடங்கினாள். உரமா? தேயிலை மலைக்கு அடிக்கும் மருந்தா? காய் கொஞ்சம் சுருங்கியிருந்தது உண்மை. மழை போதவில்லை என்று விட்டுவிட்டாள். ஆனால் மழை குறைந்தால் காய் சிறுக்கும். உறைக்குமா?

நிலத்தின் மூலையில் நின்று யோசித்தபோது வேலிக்கு அந்தப்பக்கம் கண்ணில் பட்டது பக்கத்து வீட்டு ரெங்கம்மாவின் நை மிளகாய்ச் செடி. குழம்புச் சட்டியில் ஒன்றைப் போட்டால் லயம் முழுக்க மணக்கும். கடித்தால் காது அடைக்கும். சமையலறைத் தண்ணீர் அந்த மூலையில் வடிவதால் ரெங்கம்மா போன வருடந்தான் அங்கே நட ஆரம்பித்திருந்தாள்.

"ஏன்டி ரெங்கம்மா, ஒன் புத்தி எப்புடிடி என் காய்க்கு வந்துச்சு?"

"நான் கேக்க வேண்டியத நீ கேக்குறியா?" ரெங்கம்மா ஒரு கை நிறையப் பறித்து நீட்டினாள். பிதுங்கிய பை மாதிரி உருண்டையாக இருக்க வேண்டிய நை மிளகாய்க்கு நீட்டு மூக்கு முளைத்திருந்தது. "மோந்து பாரு. வாசம் இருக்கா? ஒறைப்பும் பாதி இல்ல. எல்லாத்தையும் ஒன் பக்கம் இழுத்துக்கிட்டு என்னையவே ஏசுறியா?"

"ஒறைப்பு என்ன தண்ணியா, ஓடி வர்றதுக்கு? அப்படியே ஓடுனாலும் ஒன் வீடுதான்டி பள்ளம்!"

அன்றோடு பேச்சு நின்றது. குழாயடியில் ஒருத்தி குடத்தை வைத்தால் மற்றவள் திரும்பிப் போனாள். ஆனால் ரெங்கம்மா நீட்டிய காயை மூக்காயியால் மறக்க முடியவில்லை. தன் காய் உறைத்ததற்கு அவள் காரணம் என்றால், அவள் காய் உறைப்புக் குறைந்ததற்கு யார் காரணம்?

இரண்டு சாதிக் காயையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பதுளை விவசாயக் கந்தோருக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி பத்மநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். காய்களை அறுத்துப் பார்த்தார்.

"விதையை எந்தச் செடியில எடுத்தனீங்கள்?"

அதற்கு மூக்காயியிடம் சுத்தமான பதில் இருந்தது. வேலி மூலையில் நிற்கும் செடியின் முதல் காய்க்குச் சிவப்புத் துணி கட்டி மாரியம்மனுக்கு என்று நேர்ந்துவிடுவாள். நேர்ந்த காயில் லயத்துப் பிள்ளைகள்கூடக் கை வைக்காது. அது பழுத்து வற்றியதும் அந்த விதைதான் அடுத்த போகத்துக்கு. வருடா வருடம் அதே மூலைதான். போகிற வருகிறவர்கள் துணியைப் பார்க்க வேண்டுமே.

"அதுதான் பிழையாப் போச்சு. போன வருசம் தேனீ வேலிக்கு அங்காலப் பூவில இருந்து மகரந்தத்தைக் கொண்டு வந்து இஞ்சால வச்சிருக்கு. இஞ்சால இருந்து அங்காலயும் கொண்டு போயிருக்கு. ரெண்டும் சொந்தக்காரச் செடியள், ஒட்டிக்கொள்ளும்."

"அந்தக் காய் ஒறைக்கலீங்களே ஐயா. வெதைய எடுத்துட்டு நாந்தானே தின்டேன்."

"காய் தாய்ச் செடியின்ர. கலப்பு விதைக்குள்ள இருக்கும். விதை முளைச்சுக் காய்க்கேக்கதான் வெளியில வரும்."

"அப்ப எல்லா செடியும் ஒறைக்கணும்ல? பாதி ஒறைக்குது, பாதி ஒறைக்கலியே?"

"எல்லா விதையும் கலந்திராது. ஒரு காய்க்குள்ளயே ரெண்டு விதமும் இருக்கும்."

தாய் சாது. பிள்ளை பாதி சண்டியன். அப்பன் வேலிக்கு அந்தப்பக்கம். மூக்காயிக்குத் தலை சுற்றியது. உறைக்காத செடியாகப் பார்த்து, பூ விரியும் முன்னே மொட்டுக்கு மெல்லிய துணியில் உறை போட்டுக் கட்ட வேண்டும், காய் பிடித்த பிறகு கழற்றலாம் என்றார் பத்மநாதன். அது ஒன்றுதான் முழுதாக மனதில் நின்றது.

அதனால்தான் இந்தக் கடியும் துப்பலும். சாதுச் செடிகளைப் பிரித்தெடுத்த அன்று, பழைய கொசுவலையில் விரல் நீளப் பைகள் தைத்துக்கொண்டு வந்து மொட்டு மொட்டாகக் கட்டினாள். வேலிக்கு அப்பால் துணி காயப்போட வந்த ரெங்கம்மா காற்றைப் பார்த்துச் சொன்னாள்: "செடிக்குத் தொப்பி போடுறாளுக. நாளைக்குச் செருப்பும் வாங்குவாளுக."

மூக்காயி அடுத்த பையின் நூலை இறுக்கினாள். ஒரு தேனீ வந்து வலைப்பையைச் சுற்றியது, உட்கார்ந்தது, தடவிப் பார்த்தது. வழி கிடைக்காமல் எழும்பி வேலியைத் தாண்டி ரெங்கம்மாவின் செடியில் விரிந்திருந்த பூவுக்குப் போனது. அது எங்கெங்கே இருந்துவிட்டு வந்ததோ, காலில் எந்தச் செடியின் தூளை அப்பிக்கொண்டு வந்ததோ, யாருக்குத் தெரியும்? மூக்காயி முழங்கால் வலியோடு வேலியில் சாய்ந்து, கையை அந்தப்பக்கம் நீட்டி, ரெங்கம்மாவின் பூவிலிருந்து அதை விரட்டினாள்.