முந்நூற்றுப் பத்து கிராம்

மணிமேகலைக்குக் கையே தராசு. ஓசூர்ப் பக்கம், பேரிகையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் இருபத்திரண்டு வருடமாக அங்கன்வாடி டீச்சர். மாதாமாதம் எடை போடும் நாளில், குழந்தையைத் தூக்கியதுமே "எட்டே கால்" என்பாள். தராசும் அதைத்தான் காட்டும். "டீச்சர் இருக்கறப்ப மெசின் எதுக்கு? பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுங்க" என்று தாய்மார்கள் கேலி செய்வார்கள்.

போட்ட எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாக வைக்க வேண்டும். பச்சையில் விழுந்தால் நிம்மதி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்த ஊரில் சிவப்புக் குழந்தையைக் கூட்டிப்போகப் பஞ்சாயத்தே வண்டி அனுப்பும். தினமும் முட்டையும் பாலும் வீட்டுக்கே போகும். அதற்காக மூன்று கிராம சபைகளில் எழுந்து நின்று கேட்டவள் மணிமேகலை. "சாக்கடைக்கே வழியில்ல, முட்டைக்கு வந்துட்டாங்க" என்று ஒருவர் முணுமுணுத்தபோது, தலைவர் ராஜப்பன்தான் அதட்டினார். "ஏய், உக்காருய்யா. டீச்சரம்மா கேக்கறது உன் பேத்திக்கும் சேத்துத்தான்." தீர்மானம் அன்றே நிறைவேறியது.

அடுத்த வருடம், குழந்தைகளின் ஊட்டச்சத்தில் எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு அக்கறை என்று அளந்து மார்க் போடப் போவதாகச் செய்தி வந்தது. தீர்மானத்துக்கு மார்க், வண்டிக்கு மார்க். மார்கழி மாத எடையில் சிவப்புக் குழந்தையே இல்லையென்றால் முழு மார்க். அந்த எடை போடுவதற்கு முந்தின நாள் ராஜப்பன் போன் செய்தார்.

"டீச்சரம்மா, மத்ததுல எல்லாம் நாமதான் முன்னாடி. நாளைக்கு மட்டும் செவப்பு ஒன்னும் வராம பாத்துக்கங்க."

"அது என் கையிலயா இருக்குது தலைவரே?" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை எதிர்வீடு தெரியாத பனி. சுசித்ரா தன் பதினாலு மாதக் குழந்தை அருணாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஓசூரில் கம்பெனி வேலை. ரோட்டில் வேன் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. குழந்தைக்குக் கம்பளி ஸ்வெட்டர், குல்லா, பஞ்சு வைத்த பேன்ட்.

"வாடி பங்காரு" என்று கையை நீட்டினாள் மணிமேகலை. சுசித்ரா வீட்டில் தெலுங்கு. தங்கம் என்று அவர்கள் கொஞ்சும் சொல் இவள் வாயிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. "இதெல்லாம் கழட்டணும் கண்ணு."

"இந்தக் குளிர்லயா டீச்சர்? நெஞ்சு வேற கொர்ருகொர்ருன்னுது. இன்னிக்கு ஒரு நாள் வேணாமே, வேன் போயிடும்."

மணிமேகலை ஸ்வெட்டருக்குள் கைவிட்டு விலாவைப் பிடித்துத் தூக்கினாள். ஆறரைகூட இருக்காது என்றது கை. தராசு ஆறு கிலோ எழுநூறு காட்டியது. அந்த வயதுக்கு ஆறு அறுநூறுக்குக் கீழே போனால்தான் சிவப்பு. ஒரு நிமிடம் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு தராசு சொன்னதை எழுதினாள். புள்ளி மஞ்சளில் விழுந்தது. வண்டி வரவில்லை.

பதினெட்டாம் நாள் அருணாவுக்கு மூச்சு முட்டியது. ராஜப்பன் தன் காரிலேயே அவர்களை ஏற்றிக்கொண்டு ஓசூருக்கு ஓட்டினார். பாகலூர் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நெஞ்சுச்சளிதான், உடம்பு இளைத்திருந்ததால் தாங்கவில்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

காரியமெல்லாம் முடிந்தபின் சுசித்ரா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "யாருக்காச்சும் ஆவும் டீச்சர்." உள்ளே ஸ்வெட்டர், குல்லா, பேன்ட். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு மணிமேகலை அவற்றை மட்டும் எடுத்துத் தராசில் வைத்தாள். முந்நூற்றுப் பத்து கிராம்.

குளிருக்காக விட்டோமா, போனுக்காக விட்டோமா? சோறு வடிக்கும்போதும், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போதும் அதே கேள்வி. அதற்குப் பிறகு குழந்தையைத் தூக்கியதும் எடை சொல்வதை நிறுத்திவிட்டாள். யாரும் கேலியும் செய்யவில்லை.

சித்திரையில் மார்க் போட ஆனந்தராஜ் என்ற இளைஞர் வந்தார். மரியாதையான பிள்ளை. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு டேப்லெட்டில் தட்டிக்கொண்டே வந்தார். "மார்கழி எடையில சிவப்புல எத்தனை பேருங்க?"

"ஒன்னுமில்லீங்க" என்றார் ராஜப்பன்.

"ஒன்னு" என்றாள் மணிமேகலை. பையிலிருந்த துணிகளைத் தராசில் வைத்து, நடந்ததைச் சொன்னாள்.

ஆனந்தராஜ் தராசையும் ரிஜிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரிஜிஸ்டர்ல இருக்கறததான் நான் எடுக்க முடியும் டீச்சர். துணியோட போட்டீங்களான்னு இதுல கேள்வியே இல்லீங்க."

"நான் போன் பண்ணதாலயா டீச்சரம்மா?" ராஜப்பனின் குரல் உள்ளே போயிருந்தது.

"தெரியலீங்க தலைவரே. தெரிஞ்சிருந்தா இந்நேரம் அழுது முடிச்சிருப்பேன்."

அவர் தராசிலிருந்து குல்லாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "எழுதிக்கப்பா. செவப்பு ஒன்னு."

டேப்லெட்டில் அதற்கு இடமில்லை. பஞ்சாயத்துக்கு முழு மார்க் வந்தது. சான்றிதழை ராஜப்பன் சுவரில் மாட்டவில்லை.

ஆனந்தராஜ் வந்துபோன வார ஞாயிற்றுக்கிழமை மணிமேகலை சுசித்ராவின் வீட்டுக்குப் போனாள். வாசலில் உட்கார்ந்து கம்பெனி யூனிபார்மைத் துவைத்துக்கொண்டிருந்தாள் சுசித்ரா. மணிமேகலை பக்கத்தில் குந்தி, தலைவரின் போன், கை சொன்ன எடை, தராசு சொன்ன எடை, எதையும் விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, திட்டுவாள் என்று காத்திருந்தாள்.

"நான்தானே டீச்சர் கழட்ட வேணாம்னேன்" என்றாள் சுசித்ரா. நாலு மாதமாகத் தொண்டையிலேயே வைத்திருந்தவள் போலச் சொன்னாள்.

"குளுருதுன்னு சொல்றது அம்மா வேலை கண்ணு. கழட்டறது என் வேலை."

சுசித்ரா யூனிபார்மை வாளியிலிருந்து தூக்கிப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டி நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.