இரண்டு ஹோல், ஒரே படம்

டிக்கெட் கவுண்டரில இருக்கிறவன் படத்தைத் தெரிவு செய்யிறதில்லை, ஆனா ஏச்சு முழுக்க அவனுக்குத்தான். திருகோணமலை டவுனில முந்தி ஒரு படம் பிடிக்காட்டி அடுத்த தியேட்டருக்குப் போகலாம். இப்ப கொழும்புக் கம்பனி ஒண்டு எல்லாத்தையும் வாங்கி, எங்கட இரண்டு ஹோல் தியேட்டரைத் தவிர மற்றதுகளைப் பூட்டிப்போட்டுது. நீங்களும் என்னட்ட வந்து ஏசியிருப்பீங்கள். நான் கோவிக்கேல்லை.

மற்ற ஹோலில என்ன?

தோப்பூரில இருந்து ஒரு முஸ்லிம் நானா தன்ர மனிசி பிள்ளையளோட வந்தார். என்ன படம் எண்டு கேட்டார், சொன்னன். போன கிழமையும் அதைத்தான் பாத்தவையாம். மற்ற ஹோலில என்ன எண்டார். அதிலயும் அதுதான், அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கும் எண்டன். போஸ்டரைப் பாத்திட்டுச் சொன்னார்: "அப்ப பிந்தினதுக்கே தாங்க தம்பி, முடிவு தெரியும்தானே, அவசரமில்ல."

சைபர்

கம்பனிக்கு ஒரு சட்டம் இருக்கு. காட்சிக்கு முந்தின நாள் பின்னேரத்துக்குள்ள போனில ஒருத்தரும் புக் பண்ணாட்டி, புக்கிங் சைபர் எண்டு அந்தக் காட்சியைக் கொழும்பில இருந்தே வெட்டிப்போடுவாங்கள். எங்கட சனம் போனில புக் பண்ணுமே? படம் தொடங்கிற நேரத்துக்கு ஓடி வந்து கவுண்டர்க் கம்பிக்குள்ளால கையை விடுற ஆக்கள். நல்ல படங்கள் எத்தினை இப்பிடியே போச்சுது. வயித்தெரிச்சலில, வழமையா வாற மீன்பிடிக்கிற அண்ணன் ஒருத்தரிட்ட, இனி முந்தின நாளே புக் பண்ணுங்கோ எண்டன். அவர் சொன்னார்: "கடலுக்குப் போறவன் நாளைக்குப் படம் பாப்பன் எண்டு இண்டைக்கு எப்பிடித் தம்பி சொல்லுறது?"

ஞாயிறு காலமை

கட்டைபறிச்சான் ஊர்ப் பிள்ளை ஒண்டு, வினோதினி எண்டு பேர், தன்ர ஊரிலயே ஒரு படம் எடுத்தவ. நடிச்சது அவட அம்மாவும் ஊர்ச்சனமும். வேற தியேட்டர் இல்லை. அலைஞ்சு திரிஞ்சு எங்களிட்ட ஒரே ஒரு காட்சி வாங்கினவ. புக் பண்ணச் சொல்லுங்கோ தங்கச்சி எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். அவவும் ஊரில சொன்னவதான். நாங்கள் எல்லாரும் வாறம்தானே, பிறகென்ன எண்டு சனம் இருந்திட்டுது.

ஞாயிறு காலமை கொம்பியூட்டரைத் திறந்தால் காட்சியை வெட்டியாச்சு. அந்த நேரத்துக்கும் மற்ற ஹோலில ஓடுற அதே பெரிய படம். வாசலில பஸ் வந்து நிக்குது, சனம் கோயிலுக்கு வாற மாதிரி உடுத்திக்கொண்டு இறங்குது. நான் மனேஜரிட்ட ஓடினன். அவர் கொழும்புக்குப் போன் எடுத்துக் கெஞ்சினார். ஏலாது எண்டிட்டாங்கள்.

வினோதினியின்ர அம்மாதான் கவுண்டருக்கு வந்து, பஸ் பிடிச்சு வந்த சனத்தைச் சும்மா திருப்பி அனுப்ப ஏலாது, அந்தப் படத்துக்கே டிக்கெட் தாங்கோ எண்டா. ஹோல் நிரம்பிச்சுது. பிள்ளை மட்டும் உள்ள போகேல்லை. படம் முடியும் வரைக்கும் பஸ்ஸுக்குள்ள இருந்தவ.

பின்னேரம் கொழும்பில இருந்து மனேஜருக்குப் போன் கோல். நல்ல சந்தோசமான குரல்: "பாத்தீங்களா, ஹோல் நிரம்பியிருக்கு, அந்த ஊர்ப் படத்தை வெட்டினது நல்லதாப் போச்சு, உங்கட சனம் கேக்கிறது இதைத்தான்."

எங்கட சனத்துக்கு என்ன பிடிக்கும் எண்டு கொழும்புக்கு நல்லாத் தெரியும், மற்றக் கதவெல்லாத்தையும் பூட்டிப்போட்டுத்தானே கேக்கிறவங்கள்.