கருங்குழியில் ப்ளேக் மாத்திரை

கருங்குழி கடைத்தெருவில் ராமதாஸின் மருந்துக்கடையில் ரேணுகா வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷமாகியிருந்தது. பக்கத்துக் கிராமத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடும் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் விடுதியில் தங்கி டி.பார்ம். முடித்தவள். கணவன் கார்த்தி வாடகை டெம்போ ஓட்டினான். நாலு வயதில் ஒரு பெண்.

1994 செப்டம்பர் கடைசியில் சூரத்தில் ப்ளேக் என்று செய்தி வந்தது. சூரத் எங்கேயோ, கருங்குழி எங்கேயோ. ஆனால் வடக்கே லோடு ஏற்றிப் போன லாரிகள் ஊரை ஒட்டிப் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில்தானே திரும்பி வரவேண்டும்! முகத்தில் துணி கட்டிக்கொண்டு ரயிலுக்கு முட்டிமோதும் கூட்டத்தை டிவியில் காட்டிய மறுநாள் காலை, ஷட்டரைத் தூக்கும் முன்பே கடை வாசலில் முப்பது பேர் நின்றார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒரே மருந்து, டெட்ராசைக்ளின். பேர் வாயில் நுழையாதவர்கள் ப்ளேக் மாத்திரை என்றார்கள்.

“யாருக்குக் காய்ச்சல்?” என்று கேட்டாள் ரேணுகா.

“யாருக்கும் இல்ல தங்கச்சி. வந்தா வோணுமே. நாலு அட்டை குடு.”

மத்தியானத்துக்குள் அலமாரி காலி. அன்று மாலையே ராமதாஸ் சென்னைக்குப் போய் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய வாங்கிவந்து குளுக்கோஸ் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

“ஸ்டாக் இல்லன்னு சொல்லு. கெஞ்சறவனுக்கு மட்டும் எடு. அட்டை அம்பது ரூபா.”

“பன்னெண்டுன்னு அச்சடிச்சிக்கீது சார்.”

“அச்சடிச்சவன் வந்து விப்பானா?”

ரேணுகா இரண்டு நாள் ஐம்பது ரூபாய்க்கே எடுத்துக் கொடுத்தாள். யாருக்கு, என்ன வயது என்று கேட்கக்கூட நேரமில்லை. ஒரு கைக்குக் கொடுப்பதற்குள் பத்துக் கை நீண்டது. மறைத்துவைத்திருப்பதைக் கண்டுபிடித்த ஒருவன், “ஜனங்க சாவறதுல துட்டு பாக்கறீங்களா?” என்று கத்திவிட்டு, அதே ஐம்பதை நீட்டி இரண்டு அட்டை வாங்கிப் போனான். நோய் அண்டாது என்று யாரோ சொல்ல, வெளியே எலுமிச்சையும் கற்பூரமும்கூட விலை ஏறின. முதல் நாள் கடையடைக்கும்போது ரேணுகாவும் யாருக்கும் தெரியாமல் இரண்டு அட்டையைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் பதினொரு மணி இருக்கும். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். லாரி டிரைவர் எல்லப்பனின் மனைவி கண்ணகி.

“யக்கா, எங்க வூட்டுக்காரரு சூரத்துல லோடு எறக்கிட்டு நேத்துதான் வந்தாரு. ஒடம்பு நெருப்பா கொதிக்குது. அந்த மாத்திரை குடு யக்கா.”

ஒரு நிமிஷத்தில் கடை வாசல் காலியானது. யாரோ விட்டுவிட்டு ஓடிய ஒற்றைச் செருப்பு மட்டும் படியில் கிடந்தது. ராமதாஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு அட்டையை மேஜையின் ஓரத்தில் விட்டெறிந்தார்.

“காசெல்லாம் வாணாம். எடுத்துக்கினு போ மொதல்ல!”

கண்ணகி அதை எடுக்கப்போனாள். ரேணுகா தடுத்தாள்.

“இத முழுங்கிட்டு வூட்ல படுத்துக்கினு இருந்தா ஆவாது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ.”

“எந்த ஆட்டோக்காரனும் ஏத்த மாட்டேன்றான் யக்கா. பஸ்ல வுடுவானா?”

ரேணுகா கடையை விட்டு இறங்கி நேரே டெம்போ ஸ்டாண்டுக்கு நடந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கார்த்திக்கு முகம் மாறியது.

“நீ இன்னா டாக்டரா? வூட்ல கொழந்த கீது, தெரியுமில்ல?”

“தெரியும். நீ வரலன்னா வண்டிய குடுக்கறவன் வேற யாருன்னு சொல்லு, அவன்கிட்ட போறேன்.”

கார்த்தி துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

பின்னால், இரண்டு போர்வைக்குள் எல்லப்பன் நடுங்கிக்கொண்டிருந்தான். பாலாற்றுப் பாலம் தாண்டும்வரை ரேணுகா அவன் மூச்சையே கவனித்தாள். ஒருமுறை இருமினான். புழுதிக்கு இருமினானா, நோய்க்கு இருமினானா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவனைத் தனியறையில் போட்டு ரத்தம் எடுத்தார்கள். முடிவு தெரியும்வரை யாரோடும் கலக்கவேண்டாம் என்று மற்ற மூவரிடமும் சொன்னார்கள்.

கண்ணகி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தங்கிவிட்டாள். ரேணுகாவும் கார்த்தியும் மாமனார் வயலிலிருந்த பம்புசெட் கொட்டகையில் தங்கினார்கள். சோற்றைத் தூக்குவாளியில் போட்டு வரப்பில் வைத்துவிட்டு மாமியார் எட்டப் போய் நின்றாள். குழந்தையைக் கண்ணில் காட்டவில்லை. ரேணுகா நிமிஷத்துக்கொரு தரம் அக்குளைத் தடவி, ப்ளேக் கட்டி வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் போக இடமில்லை. கைப்பையைத் திறந்து அந்த இரண்டு அட்டையை வெளியே எடுத்தாள்.

“இத எப்ப வாங்குன?” என்றான் கார்த்தி.

“வாங்கல. எடுத்தேன்.”

“பாப்பாவுக்கா?”

“பாப்பா வயசுக்குக் குடுக்கக் கூடாத மாத்திரை இது. தெரிஞ்சேதான் எடுத்தேன்.” சொல்லிவிட்டு அழுதாள். “அத்தினி பேர் புடுங்கறத பாத்ததும் என் கையும் தானா போயிடுச்சி.”

கார்த்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

மூன்றாம் நாள் காலை கண்ணகி வரப்பில் ஓட்டமாக வந்தாள். “மலேரியாவாம் யக்கா! வெறும் மலேரியாதானாம்!” என்று, ஏதோ பரிசு விழுந்தவள்போல் சிரித்தாள்.

அன்று சாயங்காலமே ராமதாஸ் டி.வி.எஸ். ஐம்பதில் வந்து, வரப்பிலேயே பத்தடி தள்ளி நின்றார். பார்மசிஸ்ட் இல்லாமல் கடையைத் திறந்தால் மருந்து இன்ஸ்பெக்டர் சீல் வைத்துவிடுவார்.

“நாளைக்கு வந்துடும்மா.”

“அட்டையில இருக்கற விலைக்குத்தான் விப்பேன் சார். சரின்னா வரேன்.”

உடனே சரி என்றார். கடைக்குப் போனபிறகுதான் காரணம் புரிந்தது. ஊரில் பயம் அடங்கிவிட்டது. பன்னிரண்டு ரூபாய்க்கும் கேட்க ஆளில்லை. ஒன்றரைப் பெட்டி அப்படியே கிடந்தது. வாங்கியவர்கள்தான் திருப்பிக் கொடுக்க வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களில் பள்ளிக்கூட வாத்தியார் முத்துசாமியும் ஒருவர். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, நாலு மாத்திரை குறைந்த அட்டை ஒன்றை மேஜையில் வைத்தார்.

“காசு வேணாம்மா. என் பொண்ணு கல்யாணி ஆறு மாசம் முழுகாம இருக்கா. பயத்துல நான்தான் ரெண்டு நாள் போடச் சொன்னேன். கர்ப்பத்துல ஆவாதுன்னு இப்ப யாரோ சொல்றாங்க. நெசமா?”

அவர் கைக்கு அதைக் கொடுத்தது தான்தான் என்று ரேணுகாவுக்கு நினைவு வந்தது. யாருக்கு என்று அன்று அவள் கேட்கவில்லை.

“நெசம்தான் சார். கொழந்தையோட பல்லு மஞ்சளாயிடும், எலும்புக்கும் ஆவாது. நான் கேட்டுக் குடுத்திருக்கணும். இப்பவே டாக்டர பாக்கலாம், நானும் வரேன்.”

நாலு மாத்திரைக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அந்த ‘ஆனாலும்’ ரேணுகாவை விடவில்லை. தை மாதம் ஆண் குழந்தை பிறந்தது. அதன்பிறகு ஏழு மாதம், ஏதாவது ஒரு சாக்கில் வாரம் ஒருமுறை முத்துசாமி வீட்டுக்குப் போய்வந்தாள். ஆவணியில் ஒருநாள் கல்யாணி குழந்தையின் கீழுதட்டை விலக்கிக் காட்டினாள். அரிசி முனைபோல ஒரு பல், வெள்ளையாக எட்டிப்பார்த்தது. ரேணுகா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். குழந்தை நறுக்கென்று கடித்தது.