கைக்குழி வெட்டாத வீடியோ

சிதம்பரத்தில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. ரவிக்கை வெட்டும் வீடியோக்களைப் போடத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியும் பார்ப்பவர்கள் பெருகவே இல்லை. இதற்கிடையில் எங்கள் தெருவிலிருக்கும் இன்னொரு தையல்காரியின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். நான் வீடியோ போட்டதுமே அவள் பார்த்துவிடுகிறாள் என்று, எங்கள் இருவருக்கும் கொக்கி கட்டித் தரும் பெண் சொல்லியிருந்தாள். தொழிலைத் திருடத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, தோளருகே கையைச் சேர்த்துத் தைக்கும் கைக்குழி வளைவை வெட்டும் இடத்தை மட்டும் ஒவ்வொரு வீடியோவிலும் நீக்கிவிடுவேன்.

ஒருநாள் அவளே என் கடைக்கு வந்தாள்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. கைக்குழி வெட்டுறத ஏன் காட்ட மாட்றீங்க? சேத்தியாத்தோப்புல தையல் கத்துக்கிற எங்க அண்ணிக்கு உங்க வீடியோவ உடனே பாத்து அனுப்பிடுவேன். அவங்க அந்த எடம் வந்ததும் வேற வீடியோவுக்குப் போயிடுறாங்க."

"உனக்கு எதுக்கு இந்த அக்கற?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போய்க் கிளம்பினாள்.

பிறகு போனில் பார்த்தேன். எத்தனை பேர் கடைசிவரை பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு, சரியாக அந்த இடத்தில்தான் சரிந்திருந்தது. அடுத்த வீடியோவில் கைக்குழியை முழுதாக வெட்டிக் காட்டினேன். கடலூர், மங்கலம்பேட்டை என்று பல ஊர்களிலிருந்தும் பெண்கள் சந்தேகம் கேட்டு எழுதினார்கள். பார்ப்பவர்கள் மாதாமாதம் கூடினார்கள்.

அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அட, வுடுங்கக்கா" என்று சிரித்தாள். ஆனால் என் புத்தி முழுதாக மாறவில்லை. அவளும் வீடியோ போட ஆரம்பித்துவிட்டாளா என்று இப்போதும் அவ்வப்போது தேடிப் பார்க்கிறேன்.