கம்பிக்கு மேலே ஒரு சிரிப்பு

“இதுல நான் எங்க இருக்கேன், நீயே சொல்லு.”

மாமா மகள் நீட்டிய படத்தில் குறுக்குக் கம்பி இருந்தது, வானம் இருந்தது. அவள் இல்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அவள் உயரம் தாண்டுபவள். மாமா பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பவர். கடைக்கு வருபவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, மோவாயைச் சற்றுத் தூக்கிவிட்டு, “அசையாதீங்க” என்பார். அப்படிப் பழகிய கை மைதானத்தில் ஒன்று, அவள் எழும்புமுன் பட்டனை அமுக்கும்; இல்லையென்றால் மெத்தையில் விழுந்தபின் அமுக்கும். அவள் தாண்டுகிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அவளோ வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போகப்போகிறாள். பள்ளியின் கடைசிப் போட்டி ஒன்றுதான் மிச்சம். அந்த ஒரு படத்துக்காக மாமா கிடந்து தவித்தார்.

கேமராவில் தொடர்ந்து எடுக்கும் முறை ஒன்று உண்டு. பட்டனை அமுக்கிப் பிடித்தால் படபடவென்று எடுத்துக்கொண்டே போகும். அத்தை துணி உதறுவதை எடுத்துப் பழகினார் மாமா.

“ஒரே மூஞ்சிய எத்தன தடவ எடுப்பீங்க? கல்யாணத்துக்கு எடுத்ததே போதும்!” என்றாள் அத்தை.

போட்டியன்று அவசரப்பட்டு, மகள் ஓடத் தொடங்கியதுமே அமுக்கிவிட்டார். அவள் எழும்பும் நேரத்தில் கேமரா நின்றுவிட்டது. எடுத்ததையெல்லாம் உள்ளே சேமித்து முடித்தால்தான் அடுத்ததை எடுக்குமாம்.

“நீங்க அசையாதீங்கன்னு சொல்லிச் சொல்லி, கேமராவே அசையாம நின்னுடுச்சு,” என்றாள் அத்தை.

மகளும் கம்பியைத் தட்டிவிட்டிருந்தாள். அடுத்த தடவையும் அப்படியே. மிஞ்சியது கடைசி வாய்ப்பு. இந்த முறை மாமா பொறுத்திருந்தார். அவள் கால் தரையை உதைத்த கணத்தில் அமுக்கினார். கூடவே, பழக்க தோஷத்தில் வாயும் திறந்துகொண்டது.

“அசையாதீங்க!”

மைதானமே சிரித்தது. அந்தரத்தில் அவளும் சிரித்துவிட்டாள். குதிகால் பட்டுக் கம்பி விழுந்தது.

மாமாவின் முகம் வாடிப்போயிற்று. “என்னாலதாம்மா போச்சு.”

“பெத்த பொண்ணுக்கு என்னப்பா இவ்வளவு மரியாதை?” என்று கேமராவை வாங்கினாள் அவள். ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். ஒன்றில் அப்படியே நின்றுவிட்டாள். முதுகு வில்லாக வளைந்திருக்கிறது, ஜடை பறக்கிறது, வாய்கொள்ளாச் சிரிப்பு. கீழே கம்பி இன்னும் விழவில்லை.

“இதுக்கு அப்புறம் உள்ளத அழிச்சிடறேன்மா.”

“வேணாம்ப்பா. விழுந்ததும் நான்தானே? இருக்கட்டும்.” என் பக்கம் திரும்பினாள். “இப்ப சொல்லு, நான் எங்க இருக்கேன்?”

கம்பிக்கு மேலே விரலை வைத்துக் காட்டினேன்.

அந்தப் படங்கள் இப்போது கடையில் ஸ்டூலுக்கு எதிரே வரிசையாக மாட்டியிருக்கின்றன. உட்காருகிறவர்கள் பார்த்துச் சிரித்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட் படத்தில் சிரிக்கக் கூடாது. சிரித்து முடிக்கட்டும் என்று மாமா காத்திருக்கிறார்.

ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளை உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருந்தால், அந்த அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.