நூம்பல் ஓடையும் செக்ரட்டரி ஆன்ட்டியும்

அடுப்பு பற்றவைக்கும் லைட்டர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, நைட்டியின் மேல் துண்டு போட்ட ஒரு பெண்மணி ஓடைக்கரைச் சரிவில் இறங்கி வந்ததுதான் அந்த ஓடையைப் பற்றிய என் முதல் நினைவு. நான் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, கறுப்புச் சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்திருந்த புனலில் குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறி, மேலே பொருத்தியிருந்த கண்ணாடிக் குப்பியில் சேர்ந்துகொண்டிருந்தன. "இன்னாம்மா அது, எரியுமா?" என்று கேட்டார். ஆர்வத்தில் கேட்கிறார் என்று நினைத்து, "எரியும்" என்றேன். "அப்ப கொளுத்திக் காட்டு" என்றார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். மேலே சுற்றுச்சுவரை ஒட்டி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மறுக்கத் தோன்றவில்லை. குப்பியின் மூடியை லேசாகத் திறந்தேன். அவர் லைட்டரை அழுத்தினார். வெளிர்நீலச் சுடர் ஒன்று சாண் உயரத்துக்கு எழுந்து அணைந்தது. அவர் சுவரோரம் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினார்: "பாத்தீங்களா? நம்ம ஊட்டு அடுப்புல எரியிற மாதிரியே எரியுது! பைப்பு லீக்காவுதுன்னு நான் சொல்லல?"

வீட்டுக்குக் குழாயில் வருவதும் சேற்றில் ஊறுவதும் மீத்தேன்தான், எங்கிருந்து வந்தாலும் அப்படித்தான் எரியும், எரிவதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்று நான் கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். யார் காதிலும் விழவில்லை. அன்றைக்குத் தொடங்கியது எனக்கும் அவருக்குமான பழக்கம்.

நூம்பலிலிருந்து திருவேற்காடு போகிற வழியில் இருந்தது அந்தக் குடியிருப்பு. பின்பக்கச் சுவருக்கு அடுத்து ஒரு சிற்றோடை. ஊர் ஏரியின் உபரிநீர் கூவத்துக்குப் போவதற்காக இருந்த வழி அது. இப்போது எல்லார் வீட்டு நீரும் போகிற வழி. அவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். காவலாளியிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வரை அவரை 'செக்ரட்டரி ஆன்ட்டி' என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே பழகிவிட்டேன். பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதிரில் நிற்பவரிடம்கூட வெளியூர் அழைப்பில் பேசுவதுபோல உரத்துப் பேசுவார். அவருடைய கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வார்ப்பு ஆலையொன்றில் ஆயுள் முழுக்க உழைத்தவர். நுரையீரல் கெட்டுப்போய், தரைத்தளத்து அறையில் கட்டிலோடு இருந்தார். அந்த அறையின் ஜன்னல் ஓடையைப் பார்த்தது. ஆன்ட்டி அதை மூடி, இடுக்குகளில் பழுப்பு நிற டேப் ஒட்டி வைத்திருந்தார்.

குடியிருப்புக்கு முன்னால் சாலையில் வீடுகளுக்கான எரிவாயுக் குழாய் பதித்த சில மாதங்களில் ஓடையில் குமிழி வருவதை யாரோ கவனித்திருக்கிறார்கள். கணவருக்கு மூச்சுத் திணறல் அதிகமானதும் அதே காலத்தில்தான். ஆன்ட்டியின் மனதில் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. குழாய் கசிகிறது, அதனால் குமிழி வருகிறது, அதனால் அவருக்கு மூச்சு முட்டுகிறது. மனு எழுதினார், அலுவலகங்களுக்கு நடந்தார். வந்து பார்த்தவர்கள் கருவியைக் காட்டிவிட்டுக் கசிவு இல்லை என்று சொல்லிப் போனார்கள். அவர் நம்பவில்லை. அந்த நேரத்தில்தான் நான் புனலோடு போய்ச் சேர்ந்தேன்.

என் ஆய்வு சின்ன ஓடைகளைப் பற்றியது. பெரிய ஏரிகளையும் சதுப்புநிலங்களையும் அளப்பதற்கு ஆள் இருக்கிறது. இரண்டு எட்டில் தாண்டிவிடக்கூடிய ஓடையை யாரும் பொருட்படுத்துவதில்லை. அது எவ்வளவு மீத்தேன் விடுகிறது, அந்த மீத்தேன் எங்கே பிறந்தது என்று பார்ப்பதுதான் வேலை. பிறந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கார்பனில் லேசானது, சற்றுக் கனமானது என்று இரண்டு வகை இருக்கின்றன. இரண்டும் காலத்தால் சிதையாதவை. சாக்கடைச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேனில் லேசான கார்பன் தூக்கலாக இருக்கும். பூமிக்கடியில் வெந்து உண்டாகிக் குழாயில் வரும் வாயுவில் கனமானது சற்று அதிகம். விகிதத்தை அளந்தால் சேற்று வாயுவா, குழாய் வாயுவா என்று தெரிந்துவிடும். இதை ஆன்ட்டியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். அவர் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டார். "அப்ப உன் மெஷினு சொல்லிடும். ஒருத்தனும் மறுத்துப் பேச முடியாது, இல்ல?" முடியாது என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

மோட்டார் அறையில் எனக்கு ஓர் அலமாரித் தட்டை ஒதுக்கிக் கொடுத்தார். குப்பிகளை அங்கேயே தலைகீழாக அடுக்கி வைத்தேன். பிள்ளைகள் கை வைக்காமல் இருக்க, 'விஷம்' என்று சிவப்பு மையில் எழுதி அவரே ஒட்டினார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: முடிவு வந்ததும் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும்.

அந்த முடிவு வந்தபாடில்லை. அளக்கும் கருவி எங்கள் கல்லூரியில் கிடையாது. வேறொரு ஊருக்குக் குப்பிகளை அனுப்பிவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். முதலில் அனுப்பிய குப்பிகளில் ரப்பர் மூடி கசிந்து, உள்ளே வெறும் காற்றுதான் இருந்தது. மறுபடி எடுத்து அனுப்பினேன். கருவி பழுது, வெளிநாட்டிலிருந்து உதிரிப் பாகம் வர வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆன்ட்டி போன் செய்வார். "வந்துச்சாம்மா?" அவ்வளவுதான் கேள்வி. இல்லை என்றால், "ம்" என்று வைத்துவிடுவார். அந்த 'ம்'முக்குப் பயந்து, சனிக்கிழமை போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் துணி துவைத்த நாட்களும் உண்டு.

கடைசியில் முடிவு வந்தபோது அது நடுவில் நின்றது. சேற்று வாயு அளவுக்கு லேசாகவும் இல்லை, குழாய் வாயு அளவுக்குக் கனமாகவும் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். மூடி மறுபடி கசியும் என்று பயந்து, அந்த முறை குமிழிக்குப் பதில் ஓடை நீரை அனுப்பியிருந்தேன்; அளந்தது அதில் கரைந்திருந்த மீத்தேனை. மீத்தேனைத் தின்று வாழும் நுண்ணுயிர்களும் ஓடையில் உண்டு. அவை லேசானதை முதலில் தின்றுவிடும். மிஞ்சுவது கனமாகத் தெரியும். சேற்றில் பிறந்த வாயுதான் இப்படி வேஷம் மாறி வந்திருக்க வேண்டும். ஆனால் பாதி சேறு, பாதி குழாய் என்று கலந்திருந்தாலும் இதே அளவுதான் வரும். ஆன்ட்டி கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப பாதி பைப்பு." "அப்படிச் சொல்ல முடியாது ஆன்ட்டி." "அப்ப பைப்பு இல்லன்னு சொல்லு." "அதையும் சொல்ல முடியாது." "எது சொல்றதுக்கும்மா இத்தினி நாளா சேத்துல நின்ன?"

குமிழியாக வருவதை மட்டும் பிடித்து அனுப்பினால் சந்தேகம் தீரும். குமிழி சட்டென்று மேலே வந்துவிடுவதால் நுண்ணுயிர்களுக்குத் தின்ன நேரம் கிடைக்காது. அதை எடுக்கலாம் என்று கிளம்பும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் சேற்றையெல்லாம் வாரிக்கொண்டு போனது. தை பிறந்து, தண்ணீர் தேங்கி, சேறு மறுபடி கட்டும் வரை ஒரு குமிழி இல்லை. நாற்றம் வரட்டும் என்று இரண்டு பேர் காத்திருந்தது உலகத்திலேயே அந்தக் கரையில்தான் இருக்கும்.

இரண்டாவது முடிவில் மயக்கம் எதுவும் இல்லை. எல்லாக் குப்பிகளிலும் சேற்று வாயு. குழாய் வாயுவின் சாயலே கிடையாது. சொன்னபடி முதலில் ஆன்ட்டியிடம் போய்ச் சொன்னேன். அவர் கணவரின் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "அப்ப அவருக்கு மூச்சு முட்டுறது?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான். மீத்தேன் அப்படிச் செய்யாது, அந்த நாற்றத்தில் வேறு வாயுக்கள் இருக்கின்றன, அவை யாருக்கும் நல்லதில்லை. ஆனால் அவருடைய நோய்க்கு இதுதான் காரணம் என்று என் குப்பிகளால் சொல்ல முடியாது என்றேன். குற்றம் சொல்ல அவருக்கு ஒரு குழாயாவது இருந்தது; அதையும் நான் பறித்துக்கொண்டேன். பிறகு, "சேறுன்னா யாரு ஊட்டு சேறு?" என்றார்.

அந்தக் கேள்விதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தையும் பிடித்து ஆட்டியது. வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு என்னைப் பேசச் சொன்னார்கள். சாக்கடைக் கழிவுதான் காரணம் என்றேன். "மேல இருக்கற காலனிக்காரங்க விடறது" என்றார் ஒருவர். "கழிவுநீர் லாரிக்காரன் கொட்டிட்டுப் போறான்" என்றார் இன்னொருவர். பொருளாளர் கோயம்புத்தூர்க்காரர், கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. மரியாதையாகக் கேட்டார்: "நம்ம பங்கு எத்தனை பர்சென்ட்டுங்க மேடம்? கரெக்டா சொல்லிட்டீங்கன்னா பேசிக்கலாமுங்க." சொல்ல முடியாது என்றேன். எந்த வீட்டிலிருந்து வந்தாலும் சேற்றில் கலந்த பிறகு வாயு ஒன்றுதான். கூட்டத்தில் எல்லாருக்கும் நிம்மதி வந்ததை என்னால் பார்க்க முடிந்தது. ஆத்திரத்தில், "உங்க கழிப்பறையில சாயம் ஊத்திப் பாருங்க, ஓடையில கலர் வந்தா தெரிஞ்சிடும்" என்றேன். நமக்குத்தான் செப்டிக் டேங்க் இருக்கிறதே, அது எதற்கு என்றார்கள். கூட்டம் கலைந்தது. ஆன்ட்டி நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்.

மறு ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் எனக்குப் போன் செய்து வரச் சொன்னார். ஆவடியில் இருக்கும் என் வீட்டிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது, வாளியில் கேசரிப் பவுடரைக் கரைத்துக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து அவர் கணவர் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "இந்தாம்மே, நீ இத்த செஞ்சா அப்பால நம்மளால இங்க இருக்க முடியாது." ஆன்ட்டி கலக்குவதை நிறுத்தவில்லை. "ஊருக்கெல்லாம் கடுதாசி போட்டேன். என் ஊட்டு பைப்பு எங்க போவுதுன்னு ஒருதரம் பாக்கல. பாக்காம எப்பிடி தூங்குறது?"

வாளியைக் கழிப்பறையில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டு இருவரும் ஓடைக்கு இறங்கினோம். காவலாளியும் பின்னால் வந்தார். அதிக நேரம் ஆகவில்லை. ஆமணக்குப் புதருக்குப் பின்னால், நான் அவ்வளவு நாளும் கவனிக்காத ஒரு குழாய் வாயிலிருந்து செம்மஞ்சள் நீர் கொட்டத் தொடங்கியது. செப்டிக் தொட்டி வழியாக வந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு நிறத்தோடு வந்திருக்காது. எப்போதோ யாரோ தொட்டியைத் தாண்டி நேராக ஓடைக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். "அய்யய்ய, இன்னாக்கா இது, நம்மளுதா?" என்றார் காவலாளி. ஆன்ட்டி மேலே ஏறி, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "வந்து பாருங்க, நம்ம பைப்புதான்" என்று கூப்பிட்டார். சிலர் வந்து பார்த்தார்கள். பொருளாளர் என் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு, "வீடியோ மட்டும் வேண்டாமுங்க மேடம். இந்த மாசம் ரெண்டு ஃப்ளாட்டு வெலை பேசிட்டு இருக்காங்க" என்றார்.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் மாறினார். பொருளாளரே செயலாளர் ஆனார். குழாயைத் தொட்டியோடு இணைக்கும் பேச்சு எழவேயில்லை. யார் யாரையோ பிடித்து, குடியிருப்பின் நீளத்துக்கு ஓடையின் மேல் கான்கிரீட் பலகை போட ஏற்பாடு செய்தார்கள். அடியில் வாயு தேங்கும், ஒரு தீப்பொறி போதும், காற்றுப்போக்கியாவது வையுங்கள் என்று நானும் ஆன்ட்டியும் மாறி மாறிச் சொன்னோம். நான் எழுதிக் கொடுத்ததைப் புதிய செயலாளர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மூடிட்டா நாத்தம் வராதுல்லைங்க மேடம்?" என்றார். பலகை போட வந்த மேஸ்திரியோடு ஆன்ட்டி தனியாளாக மல்லுக்கு நின்று, ஒரே ஒரு காற்றுப்போக்கிக் குழாய் வைக்கச் செய்தார். அது அவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரில்தான் வைக்கப்பட்டது. வேண்டுமென்றே செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. வாசலில் அவர் எதிரே வந்தால் மற்றவர்கள் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த வருடக் கடைசியில், கணவரை அழைத்துக்கொண்டு காட்டுப்பாக்கத்தில் மகள் இருக்கும் குடியிருப்புக்குப் போய்விட்டார்.

ஆய்வுக் கட்டுரையை ஓர் இதழுக்கு அனுப்பினேன். இன்னும் ஒரு வருட அளவீடு வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அளப்பதற்கு ஓடை எங்கே இருக்கிறது? பலகையின் மேல் இப்போது கார்கள் நிற்கின்றன. இடத்துக்குச் சண்டை வரக்கூடாதென்று மஞ்சள் கோடு போட்டு எண் எழுதியிருக்கிறார்கள். திருவேற்காட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் அங்கே போகும். உள்ளே என்ன தேங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், சொல்வதற்கு ஆளில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஆன்ட்டி போன் செய்தார். கணவர் பரவாயில்லை, மருந்தில் ஓடுகிறது என்றார். பேத்தி பள்ளிக்குப் போவதைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இங்கயும் பின்னாடி ஒரு கால்வா கீதும்மா. குமிழி வந்துகினே கீது. நான் யாராண்டயும் வாயத் தொறக்கல. இந்த வாட்டி மொதல்ல நம்ம பைப்பு எங்க போவுதுன்னு பாத்துட்டுத்தான் உனக்கு போன் அடிக்கிறேன்."

"எங்க போவுது ஆன்ட்டி?"

அவர் சிரிக்கவில்லை. "வேற எங்க போவும்?" என்றார்.